ஊதாமல் போன ரயில்

அம்சம் அக்கா ரயிலில் போகும்போது வண்டி வழியில் எங்கே நின்றாலும் இறங்க மாட்டார். ரொம்பவும் வற்புறுத்தினால் பிளாட்பாரத்தில் கால் வைப்பார். ஆனால் ஒரு கை வாசல் கம்பியைப் பிடித்தபடியே இருக்கும். மற்ற கையால் டீ வாங்கி, அதே கையால் குடித்து, அதே கையால் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார். திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, கும்பகோணத்துக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போனாலும் சரி, இதுதான் வழக்கம். தெரியாதவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஏன் பெரியம்மா, வண்டி ஒங்கள விட்டுட்டு ஓடிடுமா?"

"ஓடும்," என்பார் அக்கா. "ஊதாம ஓடும்."

நான் பல வருஷமாகப் பார்க்கிறேன், அந்தக் கை கம்பியை விட்டதில்லை. காரணம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரில்தான் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. அக்கா ரஷ்யாவுக்குப் போனார், மந்திரி வீட்டில் சாப்பிட்டார் என்றெல்லாம் சொல்கிறார்கள். அக்கா போனது ரஷ்யாவுக்கு இல்லை. மந்திரி யாரும் சோறு போடவும் இல்லை. நடவு வரிசையில் அக்காவுக்குப் பக்கத்து ஆளாக நின்றவள் நான். அவர் சொல்லச் சொல்லக் குனிந்தபடி கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் பூதலூர். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதை. திருச்சிப் பக்கம் போகும் வண்டி வந்து நின்றால், எதிர் வண்டி வந்து கடக்கும் வரை நின்றே கிடக்கும். கிராசிங் என்போம். வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஒருவர் டீ குடிப்பார், ஒருவர் வேப்பமர நிழலில் காலை நீட்டுவார், பிள்ளைக்காரிகள் குழாயில் பிள்ளையின் முகம் கழுவுவார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்து ஏறியவரைக்கூட எனக்குத் தெரியும். எதிர் வண்டி போனதும் எங்கள் வண்டி நீளமாக ஒரு தடவை ஊதும். பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை ஊதும். அதற்குள் யாராவது "அந்தப் பச்சைப் புடவைக்காரம்மா இன்னும் வரல" என்று கத்துவார்கள். கார்டு கொடியை மடக்கிக்கொண்டு நிற்பார். ஆளை விட்டுவிட்டு வண்டி போகும் என்பதே எங்களுக்குத் தெரியாத சங்கதி.

இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவது அக்காதான். குரல் நாலு வயல் தாண்டிக் கேட்கும். நாற்று முடியை எடுத்து முதல் குலவை போடுவதும் அவர்தான். அவர் கணவர் கண்ணுசாமி அண்ணன் அதற்கு நேர்மாறு. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

தி.மு.க. ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டமும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் கறுப்பு சிவப்புக் கொடி, மீதி வீட்டில் சிவப்புக் கொடி. கொடி எதுவானாலும் வேலை மிராசுதார் வயலில்தான். அந்தத் தை மாத அறுப்பில் கூலித் தகராறு முற்றிவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆளை லாரியில் இறக்கினார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்துகொண்டோம். போலீஸ் வந்தது. கண்ணுசாமி அண்ணனுக்கு இடது கை ஒடிந்து, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். கடைசியில் தாலுக்கா ஆபீசில் தாசில்தார் முன்னால் பேச்சு நடந்து, அறுப்புக் கூலி உயர்ந்தது. போன ஆண்கள் மாலையோடு வந்தார்கள்.

"நடவுக் கூலி?" என்று கேட்டார் அக்கா.

"அது அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

"வரப்புல உக்காந்து அடி வாங்குனது நாங்களும்தானே? நாங்க நட்டாத்தானே நீங்க அறுப்பீங்க?"

போனவர்கள் மாலையைக் கழற்றினார்கள். பேச்சுக்கு ஒரு பெண்ணையும் கூட்டிப் போயிருந்தால் நடவுக் கூலி அங்கே நழுவியிருக்காது என்பதை அக்கா அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கூலி பேசும் மேசையில் நடவுக்காரிகளுக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

அதற்குக் குறுக்கே நின்றவர் கெட்டவர் இல்லை. சங்கச் செயலாளர் கோவிந்தராசு. எங்களுக்காக இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். அவருக்கு ஒரே பலவீனம், மேடைப் பேச்சு. பொறியும் புழுதியும் பூகம்பமும் என்று எதுகை மோனையாக அடுக்குவார். தி.மு.க. கூட்டங்களுக்குத் தவறாமல் போய் ஓரமாக நின்று கேட்டுக் கற்றுக்கொண்டது. "கொடிதான் செவப்பு, பேச்சு கறுப்பு செவப்பு" என்று பெண்கள் கேலி செய்வோம். கூலிப் பேச்சுக்குப் பெண்கள் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் சங்க ஆபீசிலிருந்து தகவல் வந்தது. வெளிநாட்டில் விவசாயத் தொழிலாளர் மாநாடு, நம் பக்கத்திலிருந்து ஒருவர் போகலாம் என்று. கோவிந்தராசு அண்ணன் அன்றைக்கே தஞ்சாவூர் போய்க் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார். கோட்டு தைத்து வந்த பிறகுதான் விவரம் முழுசாகத் தெரிந்தது. வயலில் இறங்கி நடவு நடுகிற பெண் ஒருவர்தான் வேண்டுமாம்.

கொடிக்கம்பத்தடியில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் எல்லாரும் அம்சம் அக்கா பெயரைச் சொன்னோம். நான் வாயால் சொல்லவில்லை, கையைத் தூக்கினேன்.

"அம்சம், நீ திருச்சியத் தாண்டுனது இல்ல," என்றார் கோவிந்தராசு அண்ணன்.

"நீங்க தாண்டியிருக்கீங்களாண்ணே?"

"நான் வேலூர் ஜெயில் வரைக்கும் போனவன்."

"அதுக்குப் போலீஸ்காரன் டிக்கெட் எடுத்தான். எனக்குச் சங்கம் எடுக்குது."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா கேட்டுவிட்டார். "நான் போயிப் பேசிட்டு வந்தா, அடுத்த கூலிப் பேச்சுல எங்களுக்கு ஒரு நாற்காலி போடணும். சரியா?"

கோவிந்தராசு அண்ணன் எல்லார் முகத்தையும் பார்த்தார். "சரி. போயி, மேடையேறிப் பேசி, முழுசா வந்து சேரு. நாற்காலி போடுறேன். ஆனா நடுவழியில தடுமாறி நின்னேன்னா, இந்தப் பேச்சை அப்பறம் யாரும் எடுக்கக் கூடாது. எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டோம்.

பேச்சைக் கோவிந்தராசு அண்ணனே எழுதினார். மெட்ராசில் அதை இங்கிலீஷில் மாற்றி முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். குறுவை நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருந்தது. குனிந்தபடி மனப்பாடம் செய்தார். "அலைகடலென ஆர்ப்பரித்து, அடிமை விலங்கை..." என்று தொடங்குவார். அடுத்த வரி வராது. எங்கள் நடவு வரிசை நீலாம்பாள் எடுத்துக் கொடுப்பாள். அக்காவைத் தவிர எங்கள் எல்லாருக்கும் பேச்சு மனப்பாடமாகிவிட்டது.

புறப்படும் அன்று கோவிந்தராசு அண்ணன் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "குளுரும். நீயே போட்டுக்க," என்றார். முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தார். உள்ளே ஒரு பை வைத்துத் தைத்திருந்தது. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அதில் வைத்து ஊக்கு குத்திக்கொள்ளச் சொன்னார். அந்த ஊக்குதான் பின்னால் அக்காவைக் காப்பாற்றியது.

அந்தத் தேசத்துக்கு அப்போது செக்கோஸ்லோவாகியா என்று பெயர். இப்போது அந்தப் பெயரில் தேசமே இல்லை என்று என் மகன் சொல்கிறான். அங்குள்ள ஊர்ப் பெயர்கள் அக்கா வாயில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். அதனால் அவற்றை எழுதவில்லை. டெல்லியிலிருந்து ஒரு கூட்டமாகத்தான் ஏறினார்கள். தலைநகரில் போய் இறங்கியதும் அக்காவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மற்றவர்கள் மாநாடு நடக்கும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு, மாநாட்டுக்காரர்கள் அக்காவைத் தனியாக ரயிலேற்றினார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா பேச வேண்டும். பாஷை தெரியாதவர் என்பதால், பெயரும் போக வேண்டிய ஊரும் எழுதிய ஒரு அட்டையைக் கோட்டில் குத்திவிட்டார்கள். "பள்ளிக்கூடத்துல மொதல் நாள் சேக்குற புள்ள மாதிரி இருந்தேன்," என்பார் அக்கா.

வண்டி நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கமும் வயல். ஆனால் ஒரு வயலில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை, வரப்பும் இல்லை. இத்தனை பச்சைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். அப்போது ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஓட்டுக் கட்டடம், ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய். பக்கத்தில் இன்னொரு பாதை காலியாகக் கிடந்தது.

அக்கா அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். பூதலூர். கிராசிங்.

"பொட்டியில ஒரு ஆளு எந்திரிக்கல. இவ்வளவு நேரமா உக்காந்து வந்திருக்கீங்க, எறங்கி ஒரு நிமிசம் கால ஒதறுனா என்னன்னு நெனச்சேன்," என்பார்.

பையை இருக்கையிலேயே வைத்துவிட்டுச் சொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் பிடித்தார். குழாய்க்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வயல். வயலில் பெண்கள் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தார்கள். தலையில் துணி கட்டியிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து, இடது கையை இடுப்பில் வைத்து, முதுகைப் பின்னால் வளைத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள்.

"நம்ம நீலாம்பா நிமுர்றது மாதிரியே இருந்துச்சு. அப்படியே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

திரும்பிப் பார்த்தால் தண்டவாளம்தான் இருந்தது. வண்டி இல்லை.

"ஊதவே இல்லடி. திருட்டுப்பய மாதிரி சத்தங் காட்டாம போயிடுச்சு. கார்டு யாரு ஏறுனா, யாரு ஏறலைன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் அக்காவுக்கு அந்தக் கார்டு மேல் கோபம்தான் வரும்.

கையில் சொம்பு. கோட்டுக்குள் பாஸ்போர்ட். பையோடு புடவைகள், கண்ணுசாமி அண்ணன் கட்டிக் கொடுத்த மாங்காய் ஊறுகாய், கோவிந்தராசு அண்ணனின் பேச்சு, எல்லாம் போய்விட்டது. 'நடுவழியில தடுமாறி நின்னேன்னா' என்ற சொல்தான் முதலில் காதில் கேட்டதாம். அழுகை வந்திருக்கிறது. அழவில்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிவப்புத் தொப்பி வைத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்த் தன் அட்டையைக் காட்டினார்.

அவர் அட்டையைப் படித்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். டெலிபோனில் யார் யாரிடமோ கத்தினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துத் தூங்குவது போலச் சாய்த்து, பிறகு கையைச் சக்கரம் போலச் சுற்றிக் காட்டினார். இன்றைக்கு வண்டி இல்லை, தூங்கி எழுந்து காலையில் போகலாம் என்று அக்காவுக்குப் புரிந்தது. காலை வண்டியில் போனால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பது மட்டும் புரியவில்லை. கையால் கேட்டுப் பார்த்ததற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வேலியோரம் போய்க் கூப்பிட்டதும் இடுப்பில் கை வைத்த அந்தப் பெண் வந்தாள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பெயர் பொஜேனா. அந்த வரிசைக்கு அவள்தான் தலைவி. அக்கா தன்னைக் காட்டிவிட்டுக் குனிந்து, விரலால் நாற்று ஊன்றுவது போலச் செய்துகொண்டே பின்னால் நகர்ந்து காட்டினார். பொஜேனா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் களைக்கொத்தை அக்கா கையில் கொடுத்தாள்.

"சும்மா ஒருத்தர் வீட்டுல போயி உக்காந்து திங்க முடியுமா? நானும் வரிசையில எறங்கிட்டேன்."

அங்கேதான் அடுத்த கூத்து. அது சர்க்கரைக் கிழங்கு வயலாம். கிழங்கிலிருந்து சர்க்கரை எடுப்பார்களாம். இலை பார்க்க நம் ஊர்க் கீரை மாதிரியே இருந்திருக்கிறது. மெல்லிசாக, நெல் மாதிரி நீட்டு நீட்டாக வளர்ந்திருந்தது வேறொன்று. அக்காவின் கண்ணுக்கு நெல் மாதிரி இருப்பதுதான் பயிர். கீரையெல்லாம் களை. நல்ல வேகமாக அரை வரிசையைச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வரிசைக்காரி வாயைப் பிளந்து நிற்கிறாள். புல்லெல்லாம் அழகாக நின்றது. கிழங்கு ஒன்றுகூட இல்லை.

"அடிக்கப் போறாளுகன்னு நெனச்சேன்," என்பார் அக்கா. "சிரிச்சாளுக பாரு, வயலே குலுங்குச்சு. ஒருத்தி உக்காந்துட்டா. பொஜேனா என் கையிலேருந்து கொத்தைப் பிடுங்கிட்டு, வரிசைக் கடைசில என்னை உக்கார வெச்சுட்டா. தண்ணி குடுக்குற வேலை குடுத்தா. சொம்புதான் இருக்கே!"

வேலை முடிந்து ஊருக்குள் போனார்கள். ஊர் நடுவே குளம். குளத்துக்குப் படித்துறை இல்லை. "அப்ப குளிக்கிறது எங்கடா?" என்று அக்கா குழம்பிப் போனார். கோயில் உச்சி வெங்காயத்தைக் கவிழ்த்தது போல இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தொட்டியில் பூச்செடி. பெரிய வாத்துகள் தெருவில் நடந்தன. வாத்து மேய்க்கிறவன் எங்கே என்று தேடினால் அப்படி ஒரு ஆளே இல்லை. சூரியன் மட்டும் மறையவே இல்லை. சாப்பிட்டு முடித்தும் வெயில். "விளக்கு வெக்கிற நேரமே வரலடி அந்த ஊருக்கு."

பொஜேனா வீட்டில் அரிசி இருந்தது. விருந்தாளிக்காகவே அதைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரை போட்டு வைத்தாள். அக்கா அது சோறு என்று நினைத்து உப்புக் கேட்டார். உப்புப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்த பிறகுதான் பாயசம் என்று தெரிந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். பொஜேனாவின் கணவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொண்டானாம், மரியாதைக்கு.

அதன் பிறகு பொஜேனா அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கூடம். பெஞ்சுகள். ஆண்களும் பெண்களும் வயல் உடையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசை போட்டு நாலு பேர். ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் பொஜேனா எழுந்தாள். ஏதோ கேட்டாள். அவர் அடுத்த தாளைப் புரட்டப் பார்த்தார். பொஜேனா நேரே முன்னால் போய் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீர் டம்ளர் துள்ளியது. அவர் பழைய தாளுக்கே திரும்பி வந்தார்.

"ஒரு வார்த்தை புரியல. ஆனா கூலிப் பேச்சுன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு," என்பார் அக்கா.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஆம்பளைங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னு சொல்ற மூஞ்சி எந்த ஊருலயும் ஒண்ணுதான்."

அந்த ஊரில் எல்லாம் சரியாக இருந்தது என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. பொஜேனாவுக்கும் முதுகு வலித்தது, அவளுக்கும் தாள் வாசிக்கிறவன் ஒருவன் இருந்தான் என்பார். வித்தியாசம் ஒன்றுதான். அவள் கூடத்துக்குள் இருந்தாள்.

காலையில் தலைத்துணி கட்டிய பெண்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். வேக வைத்த முட்டை, ரொட்டி எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி வந்தது. அக்கா ஏறினார், ஏறியதும் கம்பியைப் பிடித்தார். அன்று பிடித்த கம்பிதான். வண்டி நகரும்போது என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு குலவை போட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். பொஜேனாவும் மற்றவர்களும் பதிலுக்கு நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள். "கோழி வெரட்டுற மாதிரி இருந்துச்சு. ஆனா போட்டாளுக."

நகரத்து ஸ்டேஷனில் மாநாட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். காரில் தள்ளி, கூடத்தில் இறக்கி, அப்படியே மேடையில் ஏற்றிவிட்டார்கள். அக்காவின் முறை வந்து காத்துக்கொண்டிருந்ததாம். கீழே கூடம் நிறைய ஜனம். எல்லார் காதிலும் ஒரு கருவி. பின்னால் கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார்ந்து சிலர் அதில் பாஷை மாற்றிச் சொல்வார்கள். கோவிந்தராசு அண்ணனின் கோட்டில் மண்ணும் கிழங்குச் சாறும்.

"அலைகடலென ஆர்ப்பரித்து, அடிமை விலங்கை..." என்றார் அக்கா. அடுத்த வரி வரவில்லை. எடுத்துக் கொடுக்க நீலாம்பாளும் இல்லை.

கோட்டு மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு வயலில் பேசுகிற குரலில், தன் வாயில் வந்ததைப் பேசினார். வண்டியை விட்டது, கிழங்கைப் பிடுங்கியது, பொஜேனா மேசையைத் தட்டியது. "எங்க ஊர்லயும் அந்த மாதிரி ஒரு மேச இருக்கு. அதுல எங்களுக்கு எடம் இல்ல" என்று சொல்லி, எதிரே இருந்த மேசையில் தானும் ஒரு தட்டுத் தட்டினார். கூடம் எழுந்து நின்று கை தட்டியது.

கீழே வந்ததும் கேரளத்திலிருந்து வந்த ஒருவர், தமிழ் கொஞ்சம் அறிந்தவர், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தார். "சகோதரி, நீங்க பேசினது ஒண்ணு. எங்க காதில் கேட்டது வேற."

கண்ணாடிக் கூண்டில் இருந்தவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. மெட்ராசிலிருந்து முன்னாலேயே வந்த தாளை வைத்துக்கொண்டு, அக்கா வாயைத் திறந்ததும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கா கிழங்கு பிடுங்கின கதையைச் சொல்லும்போது, ஜனங்கள் காதில் கோவிந்தராசு அண்ணனின் அலைகடல் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. பை மறுநாள்தான் வந்தது. ஊறுகாய் உடைந்து பேச்சுத் தாள் முழுக்க எண்ணெய்.

ஆடி மாதம் அக்கா ஊர் வந்து சேர்ந்தார். செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. கொடிக்கம்பத்தடியில் மறுபடி கூட்டம். கண்ணுசாமி அண்ணன் ஒடிந்து கூடிய கையைத் தடவிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நடுவழியில எறங்கிட்டியாமே, அம்சம்?" என்றார் கோவிந்தராசு அண்ணன். குரலில் கேலி இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"எறங்கிட்டேன்ணே. கிராசிங்னு நெனச்சுட்டேன்."

ஆண்கள் பக்கம் சிரிப்பு. அக்கா மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. குழாயிலிருந்து கண்ணாடிக் கூண்டு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். கிழங்குக் கதை வந்தபோது ஆண்களும் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். கூண்டுக் கதை வந்தபோது கோவிந்தராசு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப... அங்க கேட்டது என் பேச்சா?"

"ஒங்க பேச்சுத்தாண்ணே. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்."

"எத்தன பாஷையில?"

"கூண்டு எத்தனை இருந்துச்சோ அத்தனை பாஷை."

"கை தட்டுனாங்களா?"

"எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எந்த எடத்துல தட்டுனாங்க? 'புரட்சிப் பேரிகை'ங்குற எடத்துலயா?"

"அது தெரியலண்ணே. நான் மேசையத் தட்டுன எடத்துல."

நீலாம்பாள்தான் முதலில் சிரித்தாள். அவர் அவளை முறைத்தார். பிறகு அவருக்கே தாங்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நடுவழியில நின்னவ நின்னபடியே நிக்கலியே. போய்ச் சேந்துட்டா. பேசவும் பேசிட்டா. நாற்காலி போடுறேன். நான் பேசுறேன், நீ மேசையத் தட்டு."

கண்ணுசாமி அண்ணன் அன்றைக்குரிய பத்து வார்த்தையில் மூன்றைச் செலவழித்தார். "கோட்டு அழுக்காயிடுச்சு, அண்ணே."

ஆவணியில் சம்பா நடவுக்கு முன்னால் தாலுக்கா ஆபீசில் பேச்சு நடந்தது. வாசல் மரத்தடியில் நாங்கள் காத்திருந்தோம். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. நடுவில் தாசில்தார். அந்தப் பக்கம் மிராசுதாரின் ஏஜெண்டு இளையபெருமாள். இந்தப் பக்கம் கோவிந்தராசு அண்ணன், அவருக்கு அடுத்த நாற்காலியில் அம்சம் அக்கா, நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நடவுக் கூலிதானே, அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் இளையபெருமாள்.

கோவிந்தராசு அண்ணன் பேச வாயெடுத்தார். அதற்குள் மேசைச் சத்தம் மரத்தடிக்குக் கேட்டது. தாசில்தாரின் டீ கிளாஸ் துள்ளிச் சாய்ந்தது.

"இந்த வருஷ நாத்த அடுத்த வருஷமா நடுவீங்க?" என்றார் அக்கா. நாலு வயல் தாண்டிக் கேட்கும் அதே குரல்.

கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. மூன்று நாள் நாற்று முடி கட்டாமல் வீட்டில் இருந்தோம். நாற்று முற்றத் தொடங்கியதும் இளையபெருமாளே தெருவுக்கு வந்தார். கேட்டதில் பாதிக்கு மேல் உயர்ந்தது. அதைவிட, அடுத்த பேச்சுக்கு யார் போவது என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி போட்டிருந்தது.

கோவிந்தராசு அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசி வரை யார் வந்தாலும் தன் பேச்சு வெளிநாட்டில் பல பாஷைகளில் ஒலித்ததைச் சொல்வார். பக்கத்தில் அக்கா இருந்தால், "ஆமா, நான் சாட்சி," என்பார். அந்தக் கோட்டு அக்கா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பொஜேனாவிடமிருந்து ஒரு வருஷம் ஒரு படம் வந்தது, கிழங்கு வயலில் எல்லாரும் நிற்கிற படம். ஒருத்தி கையில் சொம்பு மாதிரி ஏதோ வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

பூதலூரில் இப்போது இரட்டைப் பாதை போட்டுவிட்டார்கள். கிராசிங்குக்காக வண்டி நிற்பதில்லை. நடவில் பாதியை இயந்திரம் செய்கிறது. மீதிக்குக் கூலி பேச இந்த வருஷம் போன ஐந்து பேரில் நான்கு பேர் பெண்கள், என் மருமகளும் ஒருத்தி. அம்சம் அக்கா போகவில்லை. முழங்கால் வலிக்காகப் போன வாரம் அவரைத் திருச்சிக்குக் கூட்டிப் போனேன். வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நான்தான் இறங்கி டீ வாங்கி வந்தேன். அவர் வாசலில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.